முதற்பால் கேட்ட வீடு

பால் என்று சொன்னால் எல்லோருக்கும் ஒரே பொருள்தான் விளங்கும் என்று நம்புகிறவர்களைக் கண்டால் எனக்குப் பாவமாக இருக்கும். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தேன். அந்த நம்பிக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தங்கமான ஒரு மனுஷரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் பார்த்தேன். கூடவே என் வேலையையும் தொலைக்கப் பார்த்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. லுணுகலைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரு வரிசை வீட்டில் இருந்து வந்து, பதுளையில் ஓர் அலுவலகத்தில் லிகிதராகச் சேர்ந்திருந்தேன். எங்கள் லயத்தில் கொழுந்துக் கூடை தூக்காமல் பேனா தூக்கப்போன முதல் ஆள் நான்தான். (அந்தப் பெருமையில் முதல் வாரம் முழுக்க பஸ்ஸில்கூடப் பேனாவைக் கையிலேயே பிடித்திருந்தேன்.) ஆனால் எங்கள் பக்கத்துக்குக் கடைசி பஸ், அலுவலகம் விடுவதற்கு முன்னாலேயே போய்விடும். டவுனில் தங்க ஓர் அறை கிடைத்தால் வேலை, கிடைக்காவிட்டால் கூடை. அவ்வளவுதான் கணக்கு.

நாலைந்து வீடுகளில் "எந்த ஊர்?" என்று கேட்டார்கள், தோட்டத்தின் பெயரைச் சொன்னதும் "அறை போயிட்டுது" என்றார்கள். கடைசியில் ஒரு கணக்கு டீச்சரும் அவருடைய கணவரும் ஒரு மாதம் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக அறை தந்தார்கள். யாழ்ப்பாணத்துக்காரர்கள். கணவர் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்தவர், நான் அவரை சேர் என்றுதான் கூப்பிடுவேன். சாதுவான மனுஷர். ஒரே குறை, பசுப்பால் ஒரு சொட்டு உள்ளே போனாலும் அவர் வயிறு இரண்டு நாளைக்குக் கலவரம் பண்ணும்.

அதனால் அந்த வீட்டுக்குள் மாட்டுப்பால் வராது, பால்மாவும் வராது. டீச்சர் சோயா அவரையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து அதில் தேத்தண்ணி போடுவார். கறிக்கும் பாயாசத்துக்கும் தேங்காய்ப்பால். எங்கள் அப்பா லயத்துக்குப் பின்னால் மாடு வளர்க்கிறவர். பால் என்றால் மடியில் இருந்துதான் வரும் என்று வளர்ந்தவள் நான். அவரையில் பால் கறக்கிற வீட்டைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். சோயாத் தேத்தண்ணியை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துவிட்டு, "நல்லா இருக்குங்க டீச்சர்" என்று வேறு சொல்வேன். சாப்பிடக் கூப்பிட்டால் மட்டும் "சாப்பிட்டேனுங்க" என்றுவிட்டு, பாண் ரொட்டி வாங்கி வைத்த என் அறைக்குள் போய்விடுவேன்.

மாதக் கடைசி வந்தது. வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு, காலை நான் வீட்டுக்குப் போகப் பையோடு நிற்கிறேன். டீச்சர் சொன்னார்:

"பிள்ளை, ஞாயிறு மத்தியானம் எங்கட ஆக்கள் வருகினம். பாயாசம் வைக்கப் போறன். நீர் வந்து முதற்பால் எடுத்துத் தந்தீரெண்டால் காணும்."

வருகிறவர்கள் யார் என்பது எனக்குத் தெரியும். டீச்சருக்குத் தூரத்துச் சொந்தமான ஓர் அம்மாவும் அவருடைய மகளும். மகளுக்குப் பதுளையில் வேலை கிடைத்திருக்கிறது, அறை தேடுகிறாள். வீட்டில் வாடகைக்கு இருந்தது ஒரே ஓர் அறை. அதில் நான் இருந்தேன்.

இந்த இடத்தில் என் புத்திசாலித்தனத்தை விளக்கவேண்டும். தேங்காயைத் துருவி முதலில் பிழிகிற கெட்டிப்பாலுக்கு முதற்பால் என்று பெயர், தண்ணீர் விட்டு மறுபடி பிழிந்தால் இரண்டாம் பால். இது இலங்கையில் குழந்தைக்கும் தெரியும், எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் ஒரு பாதித் தேங்காயை மொத்தமாகத் தண்ணீரில் போட்டு ஒரே பிழியாகப் பிழிந்துவிடுவார் அம்மா. அதில் முதலும் இல்லை, இரண்டாவதும் இல்லை. எனக்குத் தெரிந்த முதல் பால், மாடு கன்று போட்டதும் கறக்கிற பால்தான். நாங்கள் சீம்பால் என்போம். படித்தவர்கள் அதைச் சுத்தத் தமிழில் முதற்பால் என்கிறார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். எங்கள் மாடு சினையாக இருப்பதை இரண்டு நாளைக்கு முன்தான் டீச்சரிடம் சொல்லியிருந்தேன். எவ்வளவு ஞாபகமாகக் கேட்கிறார் பாருங்கள் என்று உருகிப்போனேன்.

அன்று மாலையே மாடு கன்று போட்டது. சாமியே எனக்கு அறை பிடித்துக்கொடுக்கிறது என்று நினைத்தேன்.

அப்பாவுக்கு மட்டும் சந்தேகம். "அந்த ஐயாவுக்கு மாட்டுப்பால் ஆகாதுன்னு சொன்னியே?"

"வர்றவங்களுக்குப்பா. அவருக்கு டீச்சர் அவரையில தனியா வச்சிருவாங்க."

ஞாயிறு விடியக் கன்றுக்குக் கொடுத்தது போக மிச்சத்தை மூடிபோட்ட வாளியில் ஊற்றித் தந்தார். பஸ்ஸில் பசறை வளைவுகள் முழுக்க அதை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தேன். என்னோடு ஒரே சீட்டில் இருந்த பெரியவர், "என்னம்மா, தீர்த்தமா?" என்று கேட்டார். "அதை விடப் பெரிசுங்க" என்றேன்.

வீட்டுக்குள் நுழையும்போது விருந்தாளிகள் வந்திருந்தார்கள். டீச்சர் முன்னறையில் இருந்தே குரல் கொடுத்தார்.

"பாயாசம் அடுப்பில கொதிக்குது. முதற்பாலை விட்டு இறக்கிவிடும், பிள்ளை."

குசினியில் ஒரு தட்டு நிறையத் துருவின தேங்காய் இருந்தது. சம்பலுக்குத்தான் என்று நினைத்து, கேட்காமலேயே மிளகாய் வெங்காயம் சேர்த்து இடித்துச் சம்பலாக்கினேன். பிறகு வாளியைத் திறந்து, மஞ்சள் பூத்த அந்தக் கெட்டிப்பாலை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் பாயாசத்தில் ஊற்றினேன்.

சீம்பாலைச் சுடவைத்தால் கட்டியாகும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். வருஷா வருஷம் வெல்லம் போட்டு அவித்துத் தின்றவள்தான். அந்த நேரத்தில் அறையைத் தவிர வேறொன்றும் மண்டையில் இல்லை. இரண்டு நிமிஷத்தில் சவ்வரிசிப் பாயாசம் பொரித்த முட்டை போல ஆகிவிட்டது. கரண்டியால் மசித்தேன். சுடுதண்ணி ஊற்றினேன். வடிகட்டியில் போட்டு அமுக்கினேன். அது இன்னும் உறுதியானது. கடைசியில் கிண்ணங்களில் வெட்டி வைத்து, மேலே முந்திரிப் பருப்பான கஜுவையும் உலர்ந்த திராட்சையான பிளம்ஸையும் தெரியாமல் மூடுகிற அளவுக்குத் தூவி அனுப்பினேன்.

குசினி வாசலில் இருந்து எட்டிப் பார்த்தேன். அந்த அம்மா ஒரு வாய் வைத்தார். மென்றார். பாயாசத்தை மெல்லவேண்டி வந்ததில் அவர் முகம் யோசிக்கத் தொடங்கியது. மகள் கரண்டியால் குத்திப் பார்த்துவிட்டு, "அன்ரி, இது கேக்கோ?" என்று கேட்டாள். டீச்சர் தன் கிண்ணத்தைக் குனிந்து பார்த்தார். அதே நேரம் சேர் ஒரு பெரிய கரண்டியை அள்ளி வாய்க்குக் கொண்டுபோனார்.

அவருக்கென்று தனியாக ஒன்றுமே வைக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் பழி பாயாசத்தோடு போயிருக்கலாம். அறையும் நிலைத்திருக்கலாம். ஒரு கணம் அப்படியும் நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

"சேர், சாப்பிடாதீங்க. அது மாட்டுப்பாலுங்க."

கரண்டி வாய்க்கு முன்னால் நின்றது.

"மாட்டுப்பாலோ?" என்றார் டீச்சர். "நான் முதற்பாலெல்லோ கேட்டனான்?"

"ஆமாங்க டீச்சர். மொதப் பாலுதான். வெள்ளிக்கிழம கன்னு போட்ட மாட்டோடது."

சேர் கிண்ணத்தை மோந்து பார்த்தார். "இது கடும்புப்பால்" என்று சீம்பாலின் யாழ்ப்பாணத்துப் பெயரை ஆசையோடு சொல்லி, கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். அந்த அம்மா வாயைத் துடைத்துக்கொண்டு, எனக்குக் கேட்கிற மாதிரியே ரகசியம் பேசினார்: "தோட்டத்துப் பிள்ளையளைக் குசினிக்குள்ள விட்டால் இப்பிடித்தான்."

எனக்குக் காது இரண்டும் கொதித்தது. கூடை முதுகில் ஏறிவிட்டது மாதிரியே இருந்தது.

டீச்சர் கரும்பலகைக்கு முன்னால் பேசுகிற குரலில் சொன்னார்: "நான் முதற்பால் எண்டு கேட்டன். பிள்ளை முதற்பால்தான் கொண்டுவந்திருக்கு. அரைகுறையாச் சொன்னது நான், பிழை என்ர." சொல்லிவிட்டு, தன் கிண்ணத்தில் இருந்ததை வெட்டி வெட்டி முழுவதையும் சாப்பிட்டார். எனக்காக ஒருத்தர் அப்படி வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

அவர்கள் போனதும் நான் பையைக் கட்டத் தொடங்கினேன். டீச்சர் வாசலில் வந்து நின்றார்.

"எங்க வெளிக்கிடுறீர்? அறை உமக்குத்தான். ஆனால் இனிமேல் என்ர குசினிக்குள்ள கால் வைக்கக்கூடாது. சாப்பாடு வெளியில வரும், அதைத்தான் சாப்பிடவேணும். விளங்கிச்சோ?"

விளங்கியது. வெட்கமாகவும் இருந்தது. நாலு வருஷம், கல்யாணமாகி நான் அந்த வீட்டை விட்டுப் போகும்வரை, தடை நீங்கவே இல்லை. தினமும் இரண்டு நேரம் மேசையில் தட்டு வந்தது, காலையில் சோயாத் தேத்தண்ணியும் வந்தது. (இரண்டாம் வருஷத்தில் மூக்கை விட்டுவிட்டேன். மூன்றாம் வருஷத்தில் அது இல்லாமல் விடியவில்லை.) சமையல் தெரியாத மணப்பெண்ணாக நான் போனதற்கு என் கணவர் இன்றைக்கும் அந்தப் பாயாசத்தைத்தான் திட்டுகிறார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு மழைக்காலத்தில் மகள் பிறந்தாள். தோட்டத்துப் பாதை மண்சரிந்து கிடந்ததால் அம்மா வந்துசேர மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டு வந்தவர் டீச்சர். நர்ஸ் மிஸ்ஸி வந்து, "முதற்பாலைக் கட்டாயம் குடுக்கணும், வீணாக்கக் கூடாது" என்றபோது, டீச்சர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணி வரச் சிரித்தார். பக்கத்துக் கட்டில்காரிக்கெல்லாம் கதையைச் சொல்லியும் விட்டார்.

சிரிப்பு அடங்கினதும் கேட்டேன். "இப்பவாவது குசினிக்குள்ள விடுவீங்களா டீச்சர்?"

"விசர்ப்பிள்ளை" என்றார். "வந்த முதல் மாதம் முழுக்க அறைக்குள்ள பாணும் சீனியும் திண்டு கிடந்தனீர். சாப்பிட வாரும் எண்டால், சாப்பிட்டேனுங்க எண்டு பொய் சொல்லுவீர். சும்மா தந்தால் உமக்கு ரோசம், வாங்கமாட்டீர். உமக்குச் சாப்பாடு தர எனக்கும் ஒரு சாட்டு வேண்டியிருந்தது."

நாலு வருஷம் தண்டனை என்று நினைத்துச் சாப்பிட்டிருக்கிறேன். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதேன்.

மிஸ்ஸி திரும்பி வந்து அதட்டினார். "அழாதீங்க, பால் வத்திப் போகும்."

"எந்தப் பால்?" என்று கேட்டார் டீச்சர்.

அன்றில் இருந்து எங்கள் வீட்டில் யாராவது பால் என்று வாய் திறந்தால், இன்னொருவர் கேட்கிற கேள்வி அதுதான்.