பந்து நம் கையில் இருக்கும்போது கத்தக் கூடாதாம்

அன்புள்ள தங்கை ஜீனெட்டுக்கு,

நெப்ராஸ்காவிலிருந்து அக்கா லோரெய்ன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் டெல்மரும் சௌக்கியம். சோள அறுப்பு முடிந்துவிட்டது. வெர்மான்டில் நீயும் உன் முழங்காலும் மாடுகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாடி அறையைத் துடைத்து வை, பந்தாட்டக் காலம் முடிகிறவரை அங்கே வந்து தங்கப் போகிறேன். பதறாதே, டெல்மரோடு சண்டை இல்லை. அறுபதுக்கு மேல் கல்யாணம் செய்துகொண்டவர்களுக்குச் சண்டை போட எங்கே தெம்பு? எல்லாம் வெள்ளிக்கிழமை ஆட்டத்தால் வந்த வினை.

இந்த ஊரில் பள்ளிக்கூடத்துப் பையன்களின் ஆட்டத்துக்குப் போகாதவர்கள் படுத்த படுக்கையாக இருந்தால்தான் மன்னிப்பு. மைதானத்தின் நடுக்கோட்டுக்கு நேரே டெல்மர் குடும்பத்துக்குப் பலகையில் மூன்று இடம். ஒரு ஓரம் டெல்மர், மறு ஓரம் அவருடைய அக்கா வெல்டா, நடுவில் காலஞ்சென்ற முதல் மனைவி ஐரீனின் இடம். அதில்தான் என்னை உட்கார வைத்தார்கள். ஊரே திரும்பிப் பார்த்தது. வெல்டா தன் முழங்கால் என்மேல் படாமல் தள்ளி உட்கார்ந்துகொண்டாள். இந்தப் பலகையில் ஒட்டினால்தான் இந்தக் குடும்பத்தில் ஒட்ட முடியும் என்று எனக்குப் புரிந்துபோயிற்று.

ஆகவே சிரத்தையாகப் பாடம் படித்தேன். டெல்மர் சமையல் மேசையில் சோளமணிகளைப் பரப்பிச் சொல்லிக்கொடுத்தார். பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடி, நாலு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும், முன்னேறினால் மறுபடி நாலு. மூன்றில் முடியாவிட்டால் நாலாவதில் பந்தை எதிரிக்கே உதைத்துக் கொடுத்துவிடுவார்களாம்.

"கஷ்டப்பட்டு வாங்கினதை எதுக்குக் குடுக்கணும்?"

"இங்க விட்டா நம்ம வாசல்ல இருந்து ஆரம்பிப்பான். உதைச்சுவிட்டா அவன் வாசல்ல இருந்து ஆரம்பிக்கணும்ல."

அதுகூடப் புரிந்துவிட்டது. இருபத்திரண்டு பேர் குவியலாக விழுந்து புரண்டபின் நடுவர் பந்தைக் குத்துமதிப்பாக ஓரிடத்தில் வைப்பதும், பிறகு சங்கிலி கொண்டுவந்து அதை அங்குல சுத்தமாக அளப்பதும்தான் இன்னும் புரியவில்லை. டெல்மருக்கும் புரியவில்லை. சோளமணியை அள்ளிக்கொண்டு கோழிக்குப் போடப் போய்விட்டார்.

போன வெள்ளிக்கிழமை என்ன பார்த்தேன் தெரியுமா? பந்து எதிர் ஊர்க்காரன் கையில் இருந்தால் நம் சனம் எழுந்து நின்று கத்துகிறது, தகரப் பலகையை மிதித்து அதிர வைக்கிறது. நம் பையன்கள் கைக்கு வந்ததும் மாதாகோயில் மாதிரி அமைதி. விருந்தாளிக்கு இவ்வளவு மரியாதை செய்கிறார்களே, பெற்ற பிள்ளைகளை உற்சாகப்படுத்த ஒரு நாதி இல்லையே என்று எனக்குப் பொறுக்கவில்லை. கடைசி நிமிஷம், நாலாவது முயற்சி, இரண்டே கஜம் போனால் ஜெயம். நம் பையன்கள் குனிந்து நிற்கிறார்கள், ஊர் மூச்சுவிடவில்லை. நான் எழுந்தேன். அப்பாவின் பண்ணையில் மலைக்கு அந்தப் பக்கம் மேயும் மாட்டைக் கூப்பிட்ட குரல் ஜீனெட், அது இன்னும் அப்படியே இருக்கிறது. "ஓடுங்கடா என் ராசாக்களா!" என்று விட்டேன் ஒரு சத்தம்.

பந்தைப் பின்னால் நிற்பவன் கையில் தருகிறவரை நம் பையன்கள் ஒருவனும் அசையக் கூடாதாம். அதற்கு அவர்கள் தலைவன் குரல் கொடுப்பானாம். அது காதில் விழத்தான் அத்தனை அமைதியாம்! என் சத்தத்தில் ஒரு தடிப்பையன் திடுக்கிட்டு முன்னால் பாய்ந்துவிட்டான். தண்டனை, அஞ்சு கஜம் பின்னால். தோற்றோம். அந்தத் தடிப்பையன் கர்ட், வெல்டாவின் பேரன்.

காரில் டெல்மர், "அஞ்சு கஜம்தானே, விடு" என்றார். வெல்டா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இந்த ஊர்க்காரர்கள் திட்டவும் மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஒவ்வொருவராக வந்து, "தொண்டை எப்படி இருக்கு?" என்று கனிவாகக் கேட்டுவிட்டுப் போனார்கள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இனி அந்த இடம் ஐரீனுக்கே இருக்கட்டும், நான் உன்னிடம் வந்து பால் கறக்கிறேன்.

உனக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். உன் மாடுகள் மடி வற்றாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு
லோரெய்ன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் வெல்டா வந்துவிட்டாள், கையில் ஒரு சட்டி சில்லி இறைச்சிக் குழம்பும் பட்டை மணக்கும் ரோல் ரொட்டியும். "ஐரீன் தங்கமானவதான். ஆனா அங்க உக்காந்து வருஷக்கணக்கா ஸ்வெட்டர்தான் பின்னினா. ஜெயிச்சமா தோத்தமான்னு ஒருநாள் கேட்டதில்ல. நீயாவது கத்தின" என்றாள்.

"என்னாலதானே கர்ட் நகந்துட்டான்?"

"அட போம்மா, சோத்துக்குக் கூப்பிட்டாலே நகராத பய. அவனையே நகத்திட்ட! அந்தக் குரல் எதிராளி காதுல விழணும். வெள்ளிக்கிழமை நான் தொடையில கிள்ளுவேன். கிள்ளினா கத்து, இல்லேன்னா வாயை மூடு."

சமையலறையிலேயே ஒத்திகை பார்த்தோம். பக்கத்து வீட்டு நாய் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லையாம். எனக்குத் தொடை கன்றிப்போயிற்று, சந்தோஷம் தாங்கவில்லை. மாடி அறையைப் பூட்டியே வை.