வெங்காயம் தடவிய முன்கண்ணாடி

ஒரு விஷயத்தை முழுசாகத் தெரிந்தவன் யோசித்துத்தான் வாயைத் திறப்பான். அரைகுறையாகத் தெரிந்தவன் திறந்த வாயை மூடவே மாட்டான். இருபத்து மூன்று வயதில் நான் இரண்டாவது ரகம். என் புண்ணியத்தில் ஆம்பூரில் உயிரோடு இருந்த ஒரு மனிதருக்குக் கல்லறையில் குழி வெட்டினார்கள் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

சாமுவேல் முதலாளியின் தோல் பதனிடும் ஷாப்பில், சுண்ணாம்புக் குழியில் தோல் புரட்டிக்கொண்டிருந்தவன் நான். அவர் மோட்டார் கார் வாங்கப்போகிறார் என்று கேள்விப்பட்டதும், "எனக்கு மோட்டார் தெரியுங்க" என்று போய் நின்றேன். (நான் தொட்டுப் பார்த்ததுகூட இல்லை.) அவர் நம்பாமல், மதராஸில் ஒரு பட்டறைக்கு மூன்று மாதம் அனுப்பிவைத்தார். போகும்போது மாசிலாமணியாகப் போனவன், திரும்பும்போது காக்கிச் சட்டை, தொப்பி, தலைக்கனம் மூன்றோடும் டிரைவர் மாசிலாமணியாக வந்து இறங்கினேன்.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரம், முதலாளியின் மகனுக்கு வேலூரில் நிச்சயதார்த்தம். அதில் ஒரு சங்கடம் இருந்தது. தன்னைக் கேட்காமல் பெண் பார்த்துவிட்டார்கள் என்று முதலாளியின் அப்பா கோபித்துக்கொண்டு, மூன்று மாதமாக மகனோடு பேசுவதில்லை. எல்லோருக்கும் அவர் பெரியவர். அதே வீட்டில் பின்னறையில் இருந்தார்.

விடிகாலையில் காரில் ஏறும்போது முதலாளியின் மனைவி ரூத்தம்மா தயங்கினார்.

"மாமாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடுங்களேன்."

"அவருதான் என் மூஞ்சியையே பாக்கறதில்லையே. நீ ஏறு" என்றார் முதலாளி.

முதலாளி, ரூத்தம்மா, மாப்பிள்ளை, முதலாளியின் தங்கை, நான். ஐந்து பேர். பாலாற்றுப் பக்கமிருந்து பனி இறங்கிக்கொண்டிருந்தது. தங்கைக்கு மூச்சிரைப்பு உண்டு என்பதால் பக்கத்துக் கண்ணாடிகளை எல்லாம் இறுக்கி ஏற்றியிருந்தோம்.

ஊரைத் தாண்டி இரண்டு மைல்கூடப் போயிருக்க மாட்டோம், முன்கண்ணாடி மோர் பூசியதுபோல வெளுத்துவிட்டது. நான் கம்பீரமாக இறங்கி வெளிப்பக்கத்தைத் துடைத்தேன். ஏறி உட்கார்ந்தால் அதே வெள்ளை. மறுபடி இறங்கித் துடைத்தேன். நாலாவது தடவை இறங்கியபோது ரூத்தம்மா மெதுவாகச் சொன்னார்:

"உள்பக்கம்தானே படிஞ்சிருக்கு மாசிலாமணி? நாம விடற மூச்சாயிருக்கும். பக்கத்துக் கண்ணாடிய ஒரு விரல் எறக்கிப் பாரேன்."

நான் சிரித்தேன். (இன்று நினைத்தாலும் அந்தச் சிரிப்புக்காக என்னை நானே அறையத் தோன்றுகிறது.) "அம்மா, இது மோட்டார் சமாச்சாரம். உங்களுக்குப் புரியாது. இதுக்கு மருந்து இருக்குது."

மருந்தை எனக்குச் சொன்னவர் மதராஸ் பட்டறை மேஸ்திரி. வெங்காயத்தை வெட்டிக் கண்ணாடியில் லேசாகத் தடவி, உடனே காய்ந்த துணியால் துடைத்துவிட்டால் ஆவி படியாது என்றார். அதில் "லேசாக" என்பதையும் "துடைத்துவிட்டால்" என்பதையும் நான் மறந்துபோயிருந்தேன். வெங்காயம் மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது.

மாதனூர் கடையில் நாலு பெரிய வெங்காயம் வாங்கி, அங்கேயே வெட்டி, உள்பக்கம் முழுவதும் சாறு வழிய வழியத் தேய்த்தேன். கண்ணாடி பளிச்சென்று ஆனது. "பாத்தீங்களா?" என்று தொப்பியைச் சரிசெய்துகொண்டேன்.

என்ஜின் சூடு உள்ளே ஏற ஏற, வெங்காயம் தன் வேலையைக் காட்டியது. முதலில் தங்கை மூக்கை உறிஞ்சினார். அடுத்து மாப்பிள்ளை. கொஞ்ச நேரத்தில் ஐந்து பேருக்கும் கண்ணில் தாரை தாரையாகக் கொட்டியது.

"கண்ணாடிய எறக்குடா!" என்றார் முதலாளி.

"எறக்கினா மருந்து காத்துல போய்டுங்க. கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்றேன், நானும் அழுதுகொண்டே.

பள்ளிகொண்டாவில் மாட்டு வண்டிகள் வழியை மறித்ததால் நிறுத்த வேண்டியதாயிற்று. ஆம்பூர் பஸ்ஸுக்காக அங்கே நின்றிருந்தார் தோல் வியாபாரி ஹைதர் பாய், முதலாளிக்கு நெடுநாள் தோஸ்த். காரைப் பார்த்துச் சந்தோஷமாக ஓடி வந்தவர், உள்ளே எட்டிப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். பட்டுப் புடவையில் இரண்டு பெண்கள் முகத்தை மூடி விம்முகிறார்கள். மாப்பிள்ளைப் பையன் கைக்குட்டையைப் பிழிகிறான்.

முதலாளி கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினார்.

"அரே முதலாளி, இன்னா ஆச்சு?"

"போச்சு பாய்... கண்ணே போச்சு" என்றார் முதலாளி. அவர் சொன்னது தன் சொந்தக் கண்ணை.

"யா அல்லா! பெரியவரா? ராத்திரி வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்தீங்களா?"

அந்த நேரம் பார்த்து முதலாளிக்கு இரண்டு தும்மல் வந்தது. தலை இரண்டு தரம் குனிந்து நிமிர்ந்தது. பாய் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு ஒதுங்கினார். வழி கிடைத்ததும் நான் வண்டியை எடுத்துவிட்டேன்.

ஊர் எல்லையைத் தாண்டியதும் ரூத்தம்மா, "இப்ப முழுசா எறக்கலேன்னா நான் கதவைத் தொறந்து குதிச்சுடுவேன்" என்றார். இறக்கினோம். குளிர்ந்த காற்று உள்ளே வந்தது. வேலூர் வரைக்கும் கண்ணாடியில் ஒரு பொட்டு ஆவி படியவில்லை. ரூத்தம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

பெண் வீட்டில் எங்கள் சிவந்த கண்களைப் பார்த்து, சம்பந்தம் வேண்டாம் என்று சொல்ல வந்திருக்கிறோம் என்று பதறிப்போனார்கள். விஷயத்தைச் சொல்லிச் சிரித்த பிறகு, நிச்சயம் நல்லபடியாகவே முடிந்தது. சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் திரும்பினோம்.

ஆம்பூருக்குள் நுழையும்போது தேவாலய மணி அடித்துக்கொண்டிருந்தது. ஒன்று அடித்து, நிறுத்தி, மறுபடி ஒன்று. சாவு மணி.

"யாரோ தவறிட்டாங்க போல" என்றார் முதலாளி.

தெரு திரும்பினோம். எங்கள் தோல் ஷாப்பு ஆட்கள் அத்தனை பேரும் பூட்டிக் கிடந்த முதலாளி வீட்டு வாசலில் நின்றிருந்தார்கள். கையில் மாலைகள். கார் நிற்பதற்குள் ஷாப்பு மேஸ்திரி யோவான் கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, சீட்டுக்கு அடியில் வரை தேடினார்.

"எங்கங்க?"

"எதுய்யா?"

"பெரியவருங்க. ஆஸ்பத்திரியிலயே விட்டுட்டா வந்துட்டீங்க? ஹைதர் பாய் வந்து சொன்னாரு. ஷாப்ப மூடிட்டு வந்துட்டோம். குழிகூட வெட்டியாச்சுங்க."

முதலாளிக்குக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். குழி. வீடு பூட்டியிருக்கிறது, மணி அடிக்கிறது, மாலை காத்திருக்கிறது. காரைப் பிடித்துக்கொண்டு இறங்கியவர் அப்படியே தரையில் விழுந்தார்.

"அப்பா! ஒரு வார்த்தை சொல்லாமப் போய்ட்டனேப்பா! சொல்லாமப் போய்ட்டனே!"

மண்ணில் முகம் புதைத்து அப்படி ஒரு அழுகை. நான்தான் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். வெங்காயம் எப்படி ஆளைக் கொல்லும் என்று யோசிக்கும் நிலையில் நான் இல்லை.

அப்போது தெருமுனையில் ஒரு மாட்டு வண்டி வந்தது. அதில் பெரியவர். காலையில் கார் சத்தம் கேட்டு, சொல்லாமல் போய்விட்டார்களே என்ற கோபத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் மாந்தோப்புக்குப் போயிருந்தார். இப்போது அவர் கண்ணில் பட்டதோ சாவு மணி, கூட்டம், கார், தரையில் குப்புறக் கிடக்கும் மகன்.

"டேய் சாமுவேலு!"

ஓடுகிற வண்டியிலிருந்து குதித்தார். கூட்டம் அலறிக்கொண்டு இரண்டாகப் பிளந்தது. யோவான் மேஸ்திரி மாலையோடு காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். பெரியவர் மகன் மேல் விழுந்து, "மோட்டாரு வேணாம்னு சொன்னனேடா, கேட்டியாடா" என்று மார்பில் அடித்துக்கொண்டார்.

முதலாளி தலையைத் தூக்கினார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"நீ சாவலியா?" என்றார் பெரியவர்.

"நீங்க?"

"நான் தோப்புக்குப் போய்ட்டு வர்றேன்டா."

முதலாளி அவர் கையைப் பிடித்துக்கொண்டார், விடவில்லை. பெரியவர் மகன் முகத்திலிருந்த மண்ணைத் துண்டால் துடைத்தார். பிறகு, மூன்று மாதக் கோபத்தையும் விழுங்கிக்கொண்டு கேட்டார்:

"பொண்ணு எப்டிடா இருக்குது?"

விசாரணை பிறகு நடந்தது. பாயை விசாரித்தார்கள், தும்மலை விசாரித்தார்கள், கடைசியில் எல்லாக் கண்ணும் என் பக்கம் திரும்பியது. அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். பெரியவரோ, "வண்டிய எடு. எனக்கு வெட்டின குழிய நான் பாக்க வாணாமா?" என்றார். கல்லறைக்குக் கூட்டிப்போனேன். குழியின் ஓரத்தில் நின்று, தன் உயரத்தையும் அதையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீளம் கம்மி" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் இருந்தார். பேரனின் பிள்ளைகளை மடியில் வைத்து இந்தக் கதையைச் சொல்வார். ஒவ்வொரு தடவையும் குழி ஓரடி சுருங்கும். என்னைக் கூப்பிட்டு, "இவன்தான்" என்று காட்டுவார்.

அவர் நிஜமாகவே போன அன்று, சொந்தக்காரர்களுக்குத் தகவல் சொல்ல என்னைத்தான் அனுப்பினார்கள். வீடு வீடாகப் போய் நின்று, அடக்க முடியாமல் அழுதுகொண்டே சொன்னேன். அழுதுகொண்டு சொன்னதால் ஒருவரும் நம்பவில்லை.