பாடுகளுக்கு அர்த்தம் சொல்பவர்

சபைக்கு ஒருவராவது இருக்கும், பிறர் படும் பாட்டுக்கு விளக்கம் சொல்லும் இந்த இனத்துக்குப் பாடுவிளக்கி என்று பெயர் வைத்திருக்கிறேன். அடுத்தவர் சுமக்கும் சிலுவை என்ன மரம், எத்தனை அடி, எதற்காகத் தரப்பட்டது என்று கூடவே நடந்து விவரிப்பார். ஒரு முனையைப் பிடிக்க மட்டும் கை வராது. கெட்டவரா? சேச்சே, தங்கமான மனிதர். அதுதான் சிக்கல்.

முதுகுவலியா? பணிவு கற்க. தொண்டைக்கட்டா? நாவை அடக்க. அவருக்கே பல்வலி வந்தபோது மட்டும் அர்த்தம் தேடவில்லை, டாக்டரைத் தேடினார்.

போன வாரம் ஆஸ்பத்திரிக்கு வந்தார். காலில் கட்டோடு கிடந்த எனக்கு விளக்கி முடித்துவிட்டு, பக்கத்துக் கட்டிலுக்கு நகர்ந்தார். அங்கே இடுப்பெலும்பு முறிந்த தச்சர். ஆளில்லாவிட்டால் எழுந்து நடக்கப் பார்ப்பார். இன்னொரு முறை விழுந்தால் மறுபடி ஆபரேஷன் என்று டாக்டர் மிரட்டியதால், அவர் மனைவி மூன்று நாளாகக் குளிக்காமல் கொள்ளாமல் நாற்காலியிலேயே காவலிருந்தார்.

“அண்ணே, அரை மணி நேரம் இவரைப் பிடிச்சிட்டு உக்காருங்களேன். குளிச்சிட்டு ஓடி வந்துடறேன்.”

“உக்காரலாம்மா. ஆனா இன்னும் நாலு வீடு பாக்கணும். இயேசுவோட சீஷன்னா சும்மா உக்கார முடியுமா? இந்த வேதனைக்கு மூணு அர்த்தம் இருக்கு...”

மூன்றையும் கேட்ட தச்சர் முனகினார்: “எதுலயும் வலி குறையலயே அண்ணே.”

“பொறுமை இல்ல பாருங்க. அதான் நாலாவது.”

பிறகு, “சின்னதா ஒரு ஜெபம்” என்று தச்சரின் இரு கைகளையும் இறுகப் பற்றிக் கண்களை மூடினார். உலகம் உண்டானதிலிருந்து தொடங்கினார். மனைவி அந்தப் பிடியைப் பார்த்தார், மூடிய கண்களைப் பார்த்தார், சோப்பையும் துண்டையும் எடுத்துக்கொண்டு பூனைபோல வெளியேறினார். தச்சர் எழப் பார்த்தார். பிடி தளர்ந்தால்தானே! ஜெபம் தேசங்களையும் அதிபதிகளையும் மழையையும் விளைச்சலையும் சுற்றிவிட்டு இந்தக் கட்டிலுக்கு வந்து சேர்வதற்குள், மனைவி குளித்து, சேலை மாற்றி, ஒரு டீயும் குடித்துவிட்டுத் திரும்பியிருந்தார்.

“ஆமென்!” கண் திறந்தவர் மலர்ந்துபோனார். “பாத்தீங்களாம்மா? எப்படி வாடியிருந்தீங்க! ஒரே ஜெபத்துல முகம் எப்படித் தெளிஞ்சிடுச்சு!”

“ஆமாண்ணே. நாளைக்கும் வாங்க. இன்னும் கொஞ்சம் நீளமா ஜெபிங்க.”

துவைக்க ஒரு மூட்டைத் துணி கிடந்தது.

சிரிக்கிறீர்களா? அடுத்த முறை நோயாளி வீட்டில் நீங்கள் கண்ணை மூடி உருகிப் பேசி முடித்ததும், வீட்டுக்காரர்களின் தலையைக் கொஞ்சம் கவனியுங்கள். ஈரமாக இருந்தால் உங்களாலும் ஏதோ உபகாரம் நடந்திருக்கிறது. காய்ந்திருந்தால்தான் கவலை.