ஏழு பித்தளைப் பொத்தான்கள்

"வேண்டாம் ஆர்டிஸ்."

எங்கள் ஊரில் முதல் 'வேண்டாம்' மரியாதைக்குச் சொல்வது. கணக்கில் சேராது.

"கொஞ்சூண்டு?"

"நிஜமாவே வேண்டாம்."

இரண்டாவது 'வேண்டாம்' என்றால் பசிக்கிறது, கேட்க வெட்கமாக இருக்கிறது என்று பொருள்.

"அட, பேருக்கு ஒரு கரண்டி, தலைவரே!"

"ஐயோ, வேண்டவே வேண்டாம்!"

மினசோட்டாவில் பிறந்தவன் எவனும் மூன்றாம் முறை மறுத்ததில்லை. அதனால் கரண்டியோடு நின்ற ஆர்டிஸ் அம்மாளின் காதில் அது ஏறவே இல்லை. லூத்தரன் சர்ச்சின் கீழ்த்தளக் கூடத்தில் ஆயுள் முழுக்கப் பரிமாறிப் பழகிய கை, தன் போக்கில் கர்ட்டிஸ் ராக்லியின் தட்டில் ஹாட்டிஷைக் குவித்தது. மாட்டிறைச்சி, காளான் சூப், உருளைக்கிழங்கு எல்லாம் ஒன்றாய் வெந்த குன்று. உச்சியில் பாலாடைக்கட்டி குமிழியிட்டது. கர்ட்டிஸின் வயிற்றிலும் ஏதோ குமிழியிட்டது.

போட்டதை மிச்சம் வைப்பது அடுத்த பாவம். நான்கு வாய் சாப்பிட்டார். பிறகு, நகராட்சித் தலைவருக்குரிய நிதானத்தோடு எழுந்து, நகராட்சித் தலைவருக்குச் சற்றும் பொருந்தாத வேகத்தில் கழிப்பறைக்கு ஓடினார்.

குற்றவாளி, முந்தின நாள் வயிற்றில் போட்டுக்கொண்ட ஊசி.

ஊரில் எதைத் திறப்பதென்றாலும் கத்தரிக்கோலும் பேச்சுமாக வந்து நிற்பவர் கர்ட்டிஸ். வசந்தத்தில் காபிக் கடையில், யாரும் கேட்காமலே ஒரு அறிவிப்பு செய்தார்: "சோளத் திருவிழா ஊர்வலத்துல பழைய மாணவர் பேண்டு வாசிக்குது இல்லையா? எழுபத்தொன்பதுல போட்ட அதே சிவப்புக் கோட்டுலதான் நான் வருவேன். என் உடம்பு அப்படியேதான் இருக்கு. என் வீட்டுல மட்டும் சொல்லிடாதீங்க."

அறிவித்த பிறகுதான் பரணுக்குப் போனார். பெட்டியில் கோட்டு இருந்தது. அந்துருண்டை வாசனைக்கு அடியில் அந்தக் காலத்து அக்டோபர் குளிர், பித்தளைக்குப் போட்ட மெருகு, வெள்ளிக்கிழமை ஆட்டத்துச் சோளப்பொரி எல்லாம் அப்படியே இருந்தன. கால்பந்து மைதானத்துப் படிக்கட்டுகளுக்குப் பின்னால், ஒரு பெண் இந்தச் சிவப்பில்தானே கன்னத்தைச் சாய்த்தாள்! பித்தளைப் பொத்தானின் வட்டம் அவள் கன்னத்தில் பதிந்துபோய், இருவரும் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருந்தது. அந்தப் பெண்தான் ஜானெல். இப்போது கீழே அடுப்படியில் இருந்தாள். அன்றைக்கு அந்தக் கோட்டுக்குள் இருந்த பையனை அவளுக்கு இன்னும் ஒரே ஒரு தரம் காட்டிவிட வேண்டும்.

பையனைக் காட்டத்தான் முடியவில்லை. ஏழு பொத்தான்களில் ஒன்றுகூடத் தன் துளையை எட்டிப் பார்க்கவில்லை.

கணினித் திரையில் வந்த ஒரு டாக்டர் உடம்பு இளைக்க ஊசி எழுதிக் கொடுத்தார். மருந்தைக் கலந்து தயாரிக்கும் கடையிலிருந்து சின்னக் குப்பியும் ஊசிக்குழாய்களும் வந்தன. குப்பியின் சீட்டில் 'ஐந்தாவது யூனிட் கோடு வரை' என்று இருந்தது.

"ஐந்தா? எனக்கா?" என்று கர்ட்டிஸ் தன் வயிற்றைப் பார்த்தார். வயிறும் அவமானப்பட்டதுபோல் தெரிந்தது. 'சந்தேகமிருந்தால் எங்களைக் கூப்பிடுங்கள்' என்று அதே சீட்டில் எண்ணோடு போட்டிருந்தது. பாவம், சனிக்கிழமையும் அதுவுமாய் அவர்களைத் தொந்தரவு செய்வானேன்? இதே ஊசி போட்டுக்கொள்ளும் நண்பன் வெர்லினைக் கூப்பிட்டார்.

"நீ எது வரைக்கும் இழுப்பே?"

"இருபது. நேரா இருபது."

இருபது இழுத்தார்.

சர்ச்சிலிருந்து தப்பியதும் மறுபடி வெர்லினைத்தான் கேட்டார்.

"அது மருந்து வேலை செய்யுதுப்பா! காலி வயித்துலதான் புரட்டும். வினிகர்ல ஊறப்போட்ட மீன் நாலு துண்டு உள்ளே தள்ளு, அடங்கிடும்."

தள்ளினார். வந்த வழியே அது திரும்பியது. சத்தம் கேட்டு ஜானெல் கதவைத் தட்டினாள். "ஜுரமா இருக்கும்" என்று அவர் உள்ளிருந்து முனகியதும், அவள் மூன்று வேளைக்குச் சூப் வைத்தாள். அதையும் மறுக்க முடியவில்லை. சூப்புக்குக் காய் எடுக்கக் குளிர்பெட்டியை அவள் குடைவதற்குள், கர்ட்டிஸ் அதில் ஒளித்திருந்த குப்பியை எடுத்துக்கொண்டு கார் கொட்டகைக்குப் போய், மீன் உறைய வைக்கும் பெட்டியின் அடியில் புதைத்தார்.

மறுநாள் நகராட்சிக் கூட்டத்தில் தீயணைப்புக் குழாய் பற்றிப் பேச எழுந்தார். "நண்பர்களே" என்றார். பார்வையாளர் வரிசையிலிருந்து ஜானெல் ஓடி வருவதற்குள் மேசைக்கடியில் சரிந்தார். அவர் பதவிக் காலத்திலேயே மிகச் சிறந்த பேச்சு என்று இன்றும் சொல்கிறார்கள்.

மருத்துவமனையில் கையில் குளுகோஸ் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஜானெல். எதிரே டாக்டர் இங்க்ரிட் மோ.

"எவ்வளவு போட்டீங்க?"

"இருபது."

"இருபது என்ன? கோடா, மில்லிகிராமா, கன்னுக்குட்டியா?"

"வெர்லின் போடற இருபது."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "வெர்லின் மருந்து வேற கடையில கலந்தது, நீர்க்க இருக்கு. உங்களுது நாலு மடங்கு கெட்டி. அந்தக் கோடு, குழாய்ல எவ்வளவு தண்ணின்னுதான் சொல்லும். அதுக்குள்ள எவ்வளவு மருந்துன்னு சொல்லாது. அவர் மாசக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி அங்கே வந்திருக்கார். நீங்க முதல் நாளே போய் உக்காந்துட்டீங்க. மீதி எங்கே?"

"மீனுக்கு அடியில. உறைஞ்சிருக்கும்."

"அப்போ அதைத் தொடாதீங்க, அது வீண். நான் சொல்ற வரைக்கும் அடுத்த ஊசியும் கிடையாது. சந்தேகம் வந்தா எங்களைக் கேளுங்க, வெர்லினை இல்லை."

ஜானெல் வெளியே பார்த்தபடி சொன்னாள்: "இத்தனை வருஷம் ஒரே வீட்டுல இருக்கோம். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"உன்னைத் தொந்தரவு பண்ண வேண்டாமேன்னு..."

"மேசைக்கடியிலேருந்து உன்னை இழுத்தது மட்டும் பொழுதுபோக்கா?"

எதற்காக ஊசி என்று அவள் கேட்டபோது, "சும்மா, உடம்புக்கு நல்லதுன்னு" என்றார். கோட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. அந்த ஒரு வியப்பாவது அவளுக்கு மிஞ்சட்டும்.

திருவிழாவும் வந்தது. பொத்தான்கள் அப்போதும் அசையவில்லை. கோட்டைத் திறந்தபடியே மாட்டி, மேலே டிரம்மைக் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி கர்ட்டிஸ் வரிசையில் நின்றார். பின்னால் தையல் ஒன்று பிரியும் சத்தம் கேட்டது.

கிளாரினெட்டோடு வந்த ஜானெல் நின்றுவிட்டாள். அவள் பார்வை கோட்டின் காலரில் நின்றது.

"ம்ம்... வித்தியாசமாத்தான் இருக்கு" என்றாள்.

எங்கள் ஊரில் அதைவிடக் கொடுமையான விமரிசனம் கிடையாது. ஆனால் அவள் கண் நிறைந்திருந்தது. கையை நீட்டிக் காலரை மெதுவாகத் தடவினாள். அந்தப் பையனைக் கண்டுகொண்டாள் என்று கர்ட்டிஸ் நெஞ்சை நிமிர்த்தினார். இன்னொரு தையலும் போயிற்று.

பள்ளியில் இவர்களுக்கு பேண்டு சொல்லிக்கொடுத்த கிழவர் லிண்ட்குவிஸ்ட், ஓரத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கர்ட்டிஸை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வீதி முழுக்கக் கேட்கும்படி கத்தினார்:

"டேய் கர்ட்டிஸ், ஜானெல் கோட்டை நீ எதுக்குடா மாட்டிக்கிட்டு நிக்கறே? உனக்குத்தான் எந்த அளவும் பத்தாம, நாலு வருஷமும் உங்கப்பனோட மாட்டுத்தொழுவக் கோட்டைப் போட்டுக்கிட்டு டிரம் அடிச்சே!"