நூலகர் பிரேக்கரோடு பொருத படலம்

வாழ்க நூலகர். அட்டையிடாத நூலை அலமாரி ஏற்றாத அண்ணல், ரிமோட்டுக்கு உறையிட்ட கோமகன், மிக்ஸிக்கும் சட்டை தைத்து மானம் காத்த வள்ளல், தேய்ந்த செருப்பும் தேயாத மீசையும் உடைய தீரர் வாழ்க. மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் நடுவே நின்று வழக்குத் தீர்க்கும் ஓம் விதியே, இப்போரைப் பிழையின்றிச் சொல்ல என் எழுதுகோலுக்குத் துணை நில்.

கேளீர். நூலகரின் மொட்டைமாடியில் கருநீலச் சோலார் பலகைகள் கேடய வரிசைபோலச் சாய்ந்து நின்று கதிரவனிடம் திறை வாங்கின. அத்திறை அத்தனையும் வீட்டுக்குள் நுழையும் ஒரே கோட்டைவாயில், மாடிப்படிக்குக் கீழே சுவரில் இருந்த சாம்பல்நிறப் பெட்டி. அதனுள் காவலனாக நின்றது பிரேக்கர் என்னும் சிறு சுவிட்ச். ஆபத்து என்றால் 'டப்' என்று தானே விழுந்து வாயிலை அடைப்பது அதன் அறம். அந்தப் பெட்டிக்கு நூலகர் தம் கையாலேயே ஓர் உறை தைத்திருந்தார். வெளியே பழைய சோபாவின் ரெக்சின், உள்ளே பஞ்சு, ஓரத்தில் நாடா, நெஞ்சில் ஒரு பித்தான். அவ்வீட்டில் அதைவிட நன்றாக உடுத்தியவர் எவருமிலர்.

கோடை முற்றிய ஒரு வாரத்தில் காவலன் அறம் பிறழ்ந்தான். காலையில் மலைபோல நின்றவன் உச்சிப்பொழுதில் விழுந்தான். தூக்கி நிறுத்தினால் சற்றே நின்றான், மீண்டும் விழுந்தான். மின்விசிறிகள் அம்பு தைத்த கழுகுகள்போல இறக்கை விரித்து அசைவற்றுத் தொங்கின.

வியர்வை மட்டுமே துயரம் எனில் வீரர் பொறுத்திருப்பார். ஆனால் ஞாயிறன்று மதிய உணவுக்கு மைத்துனர் வருகிறார். மனைவியின் தம்பி, தெருவே அறிந்த எலக்ட்ரீஷியன். சோலார் மாட்டிய நாளில் உற்றார் உறவினர் நடுவே பெட்டியைத் தட்டிப் பார்த்து, "அத்தான், இதுல ஏதாவது ஆச்சுன்னா நீங்க கை வைக்காதீங்க. புஸ்தகத்துக்கு அட்டை போடுற வேலை இல்ல இது" என்று மொழிந்தவர்.

அன்று அவை அதிர நூலகர் சூளுரைத்தார்: "இந்தப் பெட்டியத் திறக்க உன்னைக் கூப்பிட்டேன்னா, அன்னைக்கே நீ என்னை அத்தான்னு கூப்பிடுறத நிறுத்திக்கலாம்."

ஆகவே விடுப்பெடுத்து, துண்டைக் கச்சையாக வரிந்து, டெஸ்டரை உடைவாளாகப் பையில் செருகி, மல்டிமீட்டரின் சிவப்புக் கம்பியை வலக்கையிலும் கறுப்புக் கம்பியை இடக்கையிலும் ஏந்தி, யானைப்படை எதிர்வரினும் பின்வாங்காத நெஞ்சினராய்க் களம் புகுந்தார் நூலகர். முதலில் ஃபிரிட்ஜ் மேல் பழி விழுந்தது. பிளக் பிடுங்கப்பட்ட துக்கத்தில் அது அழுதது. அழுத நீரை மனைவி துடைத்தாள். பிரேக்கர் விழுந்தது. அடுத்து வாஷிங் மெஷின் வாயடைக்கப்பட்டது. பாதிக் குளியலில் அகப்பட்டன வீரரின் சொந்தக் கால்சட்டைகள். பிரேக்கர் விழுந்தது. மாடியேறிப் பலகைகளைத் துடைத்து, அவற்றின் நிழலில் படுத்திருந்த பூனையை ஒற்றனென ஐயுற்று விரட்டி இறங்கினார். பிரேக்கர் அதற்குள் விழுந்து கிடந்தது.

"தம்பிய ஒரு வார்த்தை கேட்டா என்ன? போன்ல கேட்டா மீசை உதிர்ந்துடுமா?" என்றாள் மனைவி.

"உதிரும்" என்றார் நூலகர்.

மறுநாள் பெரும்போர். மாடி சுவிட்சை அணைத்து, உறையை அவிழ்த்து நான்காக மடித்து வைத்து, பெட்டியைத் திறந்து, பழைய காவலனைப் பதவியிறக்கி, கடையிலிருந்து வந்த புதியவனுக்கு முடிசூட்டி, எதிரே நாற்காலி போட்டு இமையாது அமர்ந்தார். வெயில் உச்சிக்கு ஏறியது. புதியவன் அசையவில்லை. வெற்றிப் புன்னகை மீசையின் இரு கரையும் தொட, நூலகர் எழுந்தார். உறையை உதறினார். பரிவோடு அணிவித்தார். பித்தானை மாட்டினார். சாப்பிட உட்கார்ந்தார்.

டப்.

ஞாயிறும் புலர்ந்தது. "இந்த அழுக்கு உறை தம்பி கண்ணுல பட்டா என் மானம் போகும்" என்று மனைவி அதைத் துவைத்து மாடியில் காயப்போட்டாள். நூலகரோ பிரேக்கரின் திருகுகளை மேலும் அரைச் சுற்று முறுக்கினார். உச்சிப்பொழுது வந்தது. விசிறிகள் சுழன்றன. ஃபிரிட்ஜ் முனகியது. எதுவும் விழவில்லை.

"அரைச் சுற்று. அவ்வளவுதான் குறை. இதுக்குப் பேர்தான் அறிவியல்" என்று அடுக்களை வாயிலில் நின்று பிரகடனம் செய்தார். பின்பு, வெற்றி பெற்ற வீரனை வெற்றுடம்போடு விருந்தினர் முன் நிறுத்தலாகாது என்று, காய்ந்த உறையைக் கொணர்ந்து பூட்டினார்.

இலைகள் கழுவி, கறி இறக்கி, தண்ணீர் மொண்டு வைப்பதற்குள் விசிறிகள் நின்றன. தெருமுனையில் மைத்துனரின் பைக் உறுமியது.

மனைவி வந்தாள். பெட்டியைப் பார்த்தாள். உறைக்குள் கையை நுழைத்தாள். வெடுக்கென்று எடுத்தாள்.

"இங்க கையை வைங்க."

வைத்தார். சுட்டது.

"இந்த வெயில்ல பஞ்சுச் சட்டையப் போட்டு நிக்க வச்சா, நான்கூடத்தான் விழுவேன்."

மூன்று நாள் போர்களும் வீரரின் கண்முன் வரிசையாக வந்து நின்று அவரையே பார்த்தன. வாசலில் பைக் அணைந்தது.

"அவன்கிட்ட சொல்லிடுவியா?"

"சொல்ல மாட்டேன்" என்று உறையை உரித்துக்கொண்டே உடன்படிக்கை உரைத்தாள் மனைவி. "ஆனா மிக்ஸி சட்டை, இஸ்திரிப் பெட்டி சட்டை, ரிமோட் சட்டை, எல்லாம் போகணும்."

"ரிமோட்டுக்கு மட்டுமாவது..."

"தம்பீ, உள்ள வாப்பா. உங்க அத்தான் உனக்கு ஒண்ணு சொல்லணுமாம்."

"போகட்டும், போகட்டும்" என்றார் நூலகர்.

மைத்துனர் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் பெட்டி திறக்கப்பட்டது. செய்தித்தாள் சாமரமாயிற்று. மனைவி வீச, சூடு தணிய, நூலகர் காவலனை உயர்த்த, அவன் நின்றான். நாடாவும் பித்தானும் உடைய அவ்வுறை மைத்துனரின் நாற்காலிக்குத் திண்டாயிற்று. மைத்துனர் அதில் சாய்ந்தார். உடையின்றி நின்ற பெட்டியை நோக்கினார். விசிறியை அண்ணாந்து நோக்கினார். மறுபடி பெட்டியை நோக்கினார். ஏழுலகும் மூச்சடக்க, நூலகரின் மீசை முனை நடுங்க, அவர் வாய் திறந்தார்.

"அத்தான், ஃபேனைக் கொஞ்சம் குறைங்க, சாப்பாடு ஆறுது."