சுவர் காயும் வரை

ஆரூரன் செய்தது இவ்வளவுதான். மாமனாரின் அடுப்படிச் சுவரில் ஈரம் எவ்வளவு ஊறியிருக்கிறது என்று பார்க்க ஒற்றை விரலால் அழுத்தினான். விரல் உள்ளே போய்விட்டது.

இழுத்தான். விரலோடு ஒரு துண்டுப் பூச்சும் வந்தது. அதற்குத் துணையாக மேலேயிருந்து இன்னொரு துண்டு. பிறகு ஒரு கதவு அகலத்துக்குச் சுவர்ப் பூச்சு மொத்தமும் சரிந்து அவன் காலடியில் உட்கார்ந்தது.

பின்னால் பலகையில் உட்கார்ந்து பாலில்லாத சாயத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த மாமனார் ஐயாவு, கோப்பையை மெல்ல இறக்கி வைத்தார்.

"கிளாக்கரையா, செவுத்த சரி பண்ண வந்தீங்களா, இடிக்க வந்தீங்களா?"

"மாமா, நீங்கள் ஒண்டும் யோசிக்காதேங்கோ. ரெண்டு நாளிலை முடிச்சுப்போடுவன்."

"காலையில ஏழே முக்காலுக்குப் பஸ்ஸு இருக்கு. முடியலைன்னா அதுல ஏறிருங்க."

யட்டியாந்தோட்டையிலிருந்து ஒரு மணி நேரம் குலுங்கி ஏறும் பஸ்ஸுக்கு அந்தத் தேயிலைத் தோட்டம்தான் கடைசித் தரிப்பு. போன மாத மழையில் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னாலிருந்த தண்ணீர்க் கான் அடைபட்டு, மேட்டிலிருந்து இறங்கிய தண்ணீரெல்லாம் ஐயாவுவின் அடுப்படிப் பின்சுவரில் தேங்கி நின்றுவிட்டது. மகள் விஜயகலா அதைக் கேள்விப்பட்டு கேகாலையில் இருந்தபடி அழுதாள். ஏழு மாதக் கர்ப்பிணி. மலைப் பஸ்ஸில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் அழுகை தாங்காமல்தான் ஆரூரன் கந்தோரில் இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, நீர் புகாத பெயின்ட் என்று கடைக்காரன் சத்தியம் செய்த ஒரு டின்னோடு வந்து இறங்கினான்.

அவன் யாழ்ப்பாணத்துக்காரன். அந்த ஒரு குற்றத்துக்காகவே ஐயாவு மகளின் கலியாணத்துக்குப் போகவில்லை. அவருடைய காலத்தில் தோட்டத்து ஆபீசில் மேசைக்குப் பின்னால் இருந்து அவரை நிற்க வைத்துப் பேசிய கிளாக்கர்கள் எல்லோரும் அந்தப் பக்கத்து ஆட்கள். மருமகனும் கிளாக்கராகப் போனது பழைய புண்ணில் புளி கரைத்து ஊற்றிய மாதிரி. போன வருடம் அவர் மனைவி இறந்த வீட்டில், "வந்தீங்களா?" என்று அவர் கேட்டார். "ஓம்" என்று இவன் சொன்னான். கலியாணமான நான்கு வருடத்தில் இதற்கு முன் இருவரும் பேசியது அவ்வளவே.

பூச்சு விழாத பக்கத்துக்கு ஆரூரன் பெயின்ட் அடித்தான். மறுநாள் காலையில் பெயின்ட் முழுதும் ஆப்பம் ஆப்பமாக உப்பியிருந்தது.

"வெந்துருச்சு. எறக்கிடலாம்" என்றார் ஐயாவு.

ஆரூரன் மேசன் வேலைக்குப் பியதாச பாஸைக் கூட்டி வந்தான். பாஸ் சுவரைத் தட்டினார், முகர்ந்தார், உப்பிய பெயின்டைப் பார்த்து ஆரூரனுக்காக வருத்தப்பட்டார்.

"எத்தினை நாள் எடுக்கும் பாஸ்?"

"தவ தவஸ் தெகய்" என்றார் பாஸ் சிங்களத்தில். இன்னும் ரெண்டே நாள். "செவுரு காயணும் மாத்தயா. காயாம பூசினா திரும்ப வுழும். கானையும் வெட்டி வுடணும்."

இரண்டு நாளைச் சும்மா கழிப்பானேன் என்று, கூரையிலும் ஒழுக்கு இருக்கிறதா பார்க்க ஆரூரன் ஏணி வைத்து ஏறினான். ஒழுக்கு இருக்கவில்லை. மூன்றாவது அடியில் அவன் வலது கால் தகரத்தைத் துளைத்துக்கொண்டு, கீழே ஐயாவு சாப்பிட்டுக்கொண்டிருந்த சோற்றுக்கு நேர் மேலே வந்து நின்றது.

ஐயாவு அண்ணாந்து அந்தக் காலைப் பார்த்தார். சோற்றுக் கோப்பையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டார்.

"எறங்குறதுக்கு ஏணி வச்சிருக்கு, கிளாக்கரையா."

காலைத் தொடையோடு சேர்த்து வெளியே இழுக்க அவர்தான் கூரையேறினார். சிராய்ப்புக்கு மஞ்சளும் அவர்தான் பூசினார். பூசும்போதும், "நாளைக்கு ஏழே முக்கால் பஸ்ஸு" என்று ஞாபகப்படுத்தினார்.

மறுநாள் ஆரூரன் லீவை நீட்டிவிட்டுக் கான் வெட்டப் போனான். நான்காவது குத்திலேயே கையிலிருந்த இரும்பு அலவாங்கு எதிலோ இடித்தது. கல் என்று நினைத்து இன்னும் ஓங்கிப் போட்டான். அது லயம் முழுவதற்கும் தண்ணீர் வரும் பைப்.

பத்து நிமிடத்தில் ஆறு வீட்டு வாளிகளும் ஐயாவுவின் வாசலில் நின்றன. வாளிகளோடு ஆட்களும் நின்றார்கள். பக்கத்து வீட்டு இருளாயி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"என்னாண்ணே, இது மழையவிட மோசமா இருக்கே! யாரு இந்த ஆள வேல செய்யச் சொன்னது?"

ஆரூரன் தலையைக் குனிந்துகொண்டான். ஐயாவு எழுந்தார்.

"யாரும் ஒண்ணும் பேசாதீங்க. ஒடஞ்சது தோட்டத்து பைப்பு. ஒடச்சது என் மருமகன். பைப்பு வர்ற வரைக்கும் ஆறு வீட்டுக்கும் நாங்க தண்ணி தூக்குறோம்."

ஆரூரன் நிமிர்ந்து பார்த்தான். ஐயாவு அதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நின்னுகிட்டு இருந்தா தண்ணி தானா வருமா, கிளாக்கரையா?" என்று வாளியை நீட்டினார்.

மலையிடுக்கில் மூங்கில் குழாய் வழியாகத் தண்ணீர் கொட்டும் பீலி, லயத்துக்கு மேலே கால் மைல் தூரம். இரண்டு பேரும் அன்று பன்னிரண்டு நடை நடந்தார்கள். முதல் ஐந்து நடையில் ஐயாவு முன்னால் நடந்துகொண்டே இருந்தார். ஆறாவது நடையில், வாளி நிறையும்வரை பீலியைப் பார்த்துக்கொண்டே ஐயாவு கேட்டார்.

"அவ சாப்புடுறாளா?"

"காலமையிலை ஒண்டும் இறங்காது மாமா. மத்தியானத்திலை கட்டச் சம்பல்தான் கேக்கிறா. நான் இடிச்சால் உங்கட ருசி வரேல்லையாம்."

"காரமா போடாதீங்க. புள்ளைக்கு ஆகாது."

"ஓம் மாமா."

"ரொம்பக் கொறைக்கவும் வேணாம். அவ அழுவா."

வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. இருவரும் அதைக் கவனிக்கவில்லை.

பைப்பைச் சரி செய்ய மூன்று நாளாயிற்று. கான் வெட்டியாயிற்று. தகரமும் மாற்றியாயிற்று. மழை ஒரு துளி இல்லை. ஆனால் சுவர் மட்டும் காயவில்லை. தினமும் காலையில் ஆரூரன் முன்னறைப் பாயிலிருந்து எழுந்து வரும்போது, ஐயாவு அடுப்படிச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பார்.

"இன்னைக்கும் ஈரம். போங்க, போய் மூஞ்சி கழுவிட்டு வாங்க. ரொட்டி ஆறுது. ஏழே முக்கால் பஸ்ஸு போயிருச்சு."

பாஸும் வந்து தொட்டுப் பார்ப்பார். "தவ தவஸ் தெகய்" என்பார். மூன்றாம் முறை வந்தபோது அதைச் சொல்லவும் அவருக்கே வெட்கமாக இருந்தது.

"முப்பது வருசமா மேசன் வேல மாத்தயா. இப்பிடி ஒரு செவுத்த நான் பாத்ததில்ல."

தன் பெயின்டுதான் ஏதோ செய்துவிட்டது என்று ஆரூரன் நம்பினான். பூசுவதற்கு வாங்கி வைத்த சீமெந்துப் பையைத் திறக்கவே வழியில்லை. அன்று மத்தியானம் விஜயகலா கோல் எடுத்தாள்.

"என்னங்க, ரெண்டு நாள்னு போனீங்க. எட்டு நாளாச்சு. அப்பா கோவமா இருக்காரா?"

"தெரியேல்லை. ஒவ்வொரு நாளும் பஸ் நேரம் சொல்லுறார். நேற்று எனக்கெண்டு கருவாடு பொரிச்சவர். நான் 'வடிவாய்ச் சாப்பிட்டன்' எண்டு சொல்ல, 'சோத்துல என்னா வடிவு' எண்டு கேட்டு விழுந்து விழுந்து சிரிச்சவர்."



"அப்பா சிரிச்சாரா?"

"ஓம். புரைக்கேறிப் போச்சு."

"அம்மா போனதுலேருந்து அவரு ஒழுங்கா அடுப்பே பத்த வைக்கிறதில்ல. கடையில பணிஸ் வாங்கித் தின்னுட்டு படுத்துக்குவாராம்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "நம்ம வீட்டுக்கு வந்து இருக்கச் சொல்லி ஒரு தடவ கேட்டுப் பாருங்களேன்."

"சுவரை இந்த நிலையிலை வச்சுக்கொண்டு எந்த முகத்தோடை கேக்கிறது?"

அடுத்து கந்தோரிலிருந்து கோல் வந்தது. நாளை மறுநாள் மேசையில் ஆரூரன் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மேசையில் வேறு ஆள் இருக்கும் என்று பெரியவர் சொன்னார்.

மறுநாள் காலையில் ஆரூரன் சுவரைத் தொட்டான். ஈரம். கைப்பையை எடுத்துக்கொண்டு ஐயாவுவின் முன்னால் வந்து நின்றான்.

"மாமா, என்னாலை ஏலாமப் போச்சு. வந்து பூச்சை விழுத்தினன், கூரையை உடைச்சன், பைப்பை உடைச்சன். நான் வராமலே இருந்திருந்தால் உங்கட வீடு இதைவிட நல்லாய் இருந்திருக்கும். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

ஐயாவு அடுப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ரொட்டியும் சம்பலும் கட்டிய பொட்டலம் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"புள்ளைக்குக் குடுங்க. காரம் கொறச்சிருக்கேன்."

"நீங்களும் எங்களோடை வந்து..." என்று ஆரூரன் தொடங்கினான். முடிக்கத் தைரியம் வரவில்லை.

"பஸ்ஸு வந்துரும்" என்றார் ஐயாவு. வாசல்வரை வரவில்லை. அடுப்படிக்குள் போய்விட்டார்.

பஸ் ஏற்கனவே வந்து, திரும்பி நின்று உறுமிக்கொண்டிருந்தது. கொழுந்துப் பையோடு மலைக்கு ஏறப் புறப்பட்ட இருளாயி தரிப்பிடத்தில் நின்றாள். ஆரூரன் ஒரு காலைப் படியில் வைத்தபடி அவளிடம் ஒரு துண்டில் போன் நம்பரை எழுதிக் கொடுத்தான்.

"அக்கா, ஒரு உதவி. அந்தச் சுவர் காய்ஞ்சவுடனை எனக்கு ஒரு கோல் எடுங்கோ. லீவு கிடைக்காட்டிலும் ஓடி வாறன்."

இருளாயி துண்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அது எப்பிடித் தம்பி காயும்? நீங்க கெளம்பிரக் கூடாதுன்னு ஒங்க மாமா தெனமும் வெடியக்காலையில பீலியில ரெண்டு வாளி மொண்டாந்து, பின்பக்கமா நின்னு செவுத்துல ஊத்துறாரே!"