நேர்முக வர்ணனை: ஜோதிலிங்கம்

"அப்பய்யா மாமா கையில் ஆர்ட்டின் ஏழு, ஆர்ட்டின் எட்டு! ஒம்பதுக்காக மனுசன் தவம் கிடக்கிறார், நேயர்களே!"

ஜோதிலிங்கம் மைக்கில் இதைச் சொல்லி முடிக்கவும், எதிரே உட்கார்ந்திருந்த நல்லமுத்து கீழே போட எடுத்த ஆர்ட்டின் ஒம்பதை மறுபடியும் கைக்குள் சொருகிக்கொண்டு வேறொரு சீட்டைப் போடவும் சரியாக இருந்தது.

கூட்டம் 'ஓ'வென்று கத்தியது. அப்பய்யா தலையைத் தூக்கித் தன் வருங்கால மருமகனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பாசம் மருந்துக்கும் இல்லை.

அருப்புக்கோட்டை நெசவாளர் மனமகிழ் மன்றத்தில் அம்மன் திருவிழாவை ஒட்டி வருஷா வருஷம் ரம்மிப் போட்டி நடக்கும். காசு வைக்கக் கூடாது, கோப்பை மட்டும்தான். போன வருஷம் பின்னால் நின்ற இருநூறு பேருக்கு ஒரு சீட்டும் தெரியாமல், பாதி ஆட்டத்தில் எழுந்து ராட்டினம் பார்க்கப் போய்விட்டார்கள். செயலாளர் சங்கரலிங்கத்துக்கு அது பெரிய அவமானம். ரேடியோவில் கிரிக்கெட்டுக்கு வர்ணனை சொல்லும்போது ரம்மிக்குச் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று இந்த வருஷம் மைக் செட் ஜோதிலிங்கத்தைக் கூப்பிட்டுவிட்டார். ஆடுகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்று சீட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டும். மன்றத்து வாசலில் ஒரு ஒலிபெருக்கிக் குழாய், நெசவுத் தெருவில் மூன்று குழாய்.

ஜோதிலிங்கத்துக்குப் பேசச் சொல்லியா தரவேண்டும்? ஆனால் இறுதி ஆட்டத்துக்கு வந்து உட்கார்ந்தது யார் என்று பார்த்ததும் மைக்கைப் போட்டுவிட்டு ஓடிவிடலாமா என்று தோன்றியது. ஒருத்தர் திருச்சுழிப் பக்கத்தில் விவசாயம் பார்க்கிற சம்சாரி நல்லமுத்து. இன்னொருத்தர் அப்பய்யா. வருகிற வெள்ளிக்கிழமை அப்பய்யாவின் மகள் ராமலட்சுமிக்கும் ஜோதிலிங்கத்துக்கும் நிச்சயதார்த்தம். மூன்று வருஷம் அந்த வீட்டு விசேஷத்துக்கெல்லாம் ஓசியில் குழாய் கட்டிப் பாட்டுப் போட்டுச் சம்பாதித்த சம்மதம் அது. அப்பய்யாவோ இந்தக் கோப்பைக்காக வீட்டுச் சுவரில் பலகை அடித்து வைத்துவிட்டு, நாலு வருஷமாக அதில் சீப்பும் பவுடர் டப்பாவும் வைத்துக்கொண்டிருக்கிறவர்.

மூன்று ஆட்டம். இரண்டு ஜெயித்தவருக்குக் கோப்பை. முதல் ஆட்டத்தில் அந்த ஆர்ட்டின் ஒம்பது கடைசிவரை வரவே இல்லை. நல்லமுத்து ஒரு சீட்டைக் கவிழ்த்து வைத்து, ஜெயித்தாயிற்று என்று விரலால் தட்டினார். ஆட்டம் முடிந்தது.

அப்பய்யா ஜோதிலிங்கத்தை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"ஏலே, நீ எனக்கு மருமகனா, அந்தாளுக்கு மச்சினனா? என் சீட்ட ஊருக்கே ஏலம் போடுறியே!"

"மாமா, நான் ரெண்டு பேரு சீட்டையும்தான சொன்னேன்?"

"நான் தோத்தேன்னா அது ஒன் வாயாலதான். அப்புறம் வெள்ளிக்கெழம எவனுக்கு நிச்சயமோ, அது எனக்குத் தெரியாது. சொல்லிட்டேன்."

ஜோதிலிங்கம் ஓடிப் போய்ச் சங்கரலிங்கத்திடம் கெஞ்சினான்.

"அண்ணாச்சி, சீட்ட மட்டும் சொல்லாம மத்ததெல்லாம் சொல்றேனே?"

"மத்தது என்னடா இருக்கு? அப்பய்யா மூக்கச் சொறிஞ்சாரு, நல்லமுத்து வெத்தல போட்டாருன்னா? கூட்டம் ராட்டினத்துக்குப் போயிரும். சீட்டச் சொல்லித்தான் ஆகணும். அவுக காதுல விழாமப் பாத்துக்க."

காதில் விழக் கூடாது, அவ்வளவுதானே! நெசவாளர் ஊரில் பஞ்சுக்கா பஞ்சம்? ஜோதிலிங்கத்தின் கூட்டாளி சோலை ரெண்டு கை நிறையப் பஞ்சு கொண்டு வந்தான். அப்பய்யாவின் காதில் அடைத்தாயிற்று. நல்லமுத்துவிடம் பஞ்சைக் காட்டியதும் அவர் சிரித்த முகமாகத் தலையைச் சாய்த்துக் கொடுத்தார். வாசல் ஓரம் தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்த அவர் மனைவி முத்துத்தாய்க்கு மட்டும் ஏனோ சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"வையுங்க, நல்லா வையுங்க. அவுக ஒண்ணும் சொல்ல மாட்டாக," என்றாள்.

அப்பாடா என்று மூச்சு விட்டான் ஜோதிலிங்கம். இரண்டாவது ஆட்டத்துக்குச் சீட்டுப் போட்டார்கள்.

அப்பய்யாவுக்கு ஒரு பழக்கம். சீட்டைக் கையில் பிடித்தால் தனக்குத்தானே முணுமுணுப்பார். இத்தனை காலம் அது யாருக்கும் கேட்டதில்லை. இப்போது காது அடைத்துவிட்டதா, தான் முணுமுணுப்பது தனக்கே கேட்கவில்லை. குரல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது.

"கிளாவர் ராணி வந்துட்டா சோலி முடிஞ்சது!" என்று மன்றமே அதிரக் கத்தினார்.

கூட்டம் சிரித்த சிரிப்பில் பந்தல் ஆடியது. "மாமா, சத்தமாப் பேசுறீக!" என்று ஜோதிலிங்கம் கையை ஆட்டினான். "என்னது? ராணி வருதா?" என்று அவர் அதற்கும் கத்தினார். அதற்குள் ஊரிலுள்ள அத்தனை குழாயிலும் அப்பய்யாவின் குரலே போய்க்கொண்டிருந்தது. சங்கரலிங்கம் தலையில் அடித்துக்கொண்டு சீட்டைக் கலைத்துப் போடச் சொன்னார். அப்பய்யா பஞ்சைப் பிடுங்கித் தரையில் எறிந்தார்.

"இந்த யோசனையும் ஒன்னோடதுதானலே?"

அப்போதுதான் ஜோதிலிங்கத்துக்கு அந்தப் பிரமாதமான எண்ணம் உதித்தது. கேட்டால் என்ன? புரியாவிட்டால் சரிதானே? நெசவுத் தெருக்காரர்கள் வீட்டில் பேசுவது கன்னடம். திருச்சுழிச் சம்சாரிக்குக் கன்னடத்தில் ஒரு வார்த்தை தெரியாது. கேட்கிற கூட்டத்தில் முக்கால்வாசி நம்ம ஆட்கள்தான். கன்னடத்தில் சொல்லிவிட்டால் தீர்ந்தது.

பிறந்ததிலிருந்து வீட்டில் பேசுகிற பேச்சு அது. மூச்சு விடுவது மாதிரி. அது அப்பய்யாவுக்கும் புரியும் என்பது அவனுக்கும் தோன்றவில்லை, சரி என்று தலையாட்டிய சங்கரலிங்கத்துக்கும் தோன்றவில்லை. அப்பய்யாவுக்கு மட்டும் தோன்றியது. அவர் வாயைத் திறக்கவில்லை.

இரண்டாவது ஆட்டம் கன்னடத்தில் கரைபுரண்டு ஓடியது. நல்லமுத்து எந்தச் சீட்டுக்குக் காத்திருக்கிறார் என்று குழாய் சொல்லும். அந்தச் சீட்டை அப்பய்யா கைக்குள் பத்திரமாக அமுக்கிக்கொள்வார். அமுக்கி அமுக்கி அவருடைய கையே நாறிப்போனது. கடைசியில் வழியில்லாமல் ஒன்றைப் போட, அடுத்த முறை சீட்டுக்கட்டிலிருந்து எடுத்தது நல்ல சீட்டாக வந்து, தட்டுத்தடுமாறி ஜெயித்தார். தெருவில் கைதட்டல் கேட்டது. ஆளுக்கொரு ஆட்டம்.

ஜோதிலிங்கத்துக்கு உயிர் திரும்பி வந்தது. அது அரை நிமிஷம்கூட நிலைக்கவில்லை.

"யோவ் மைக்கு!" வீரசோழன் பக்கத்திலிருந்து வந்திருந்த இருளப்பசாமி துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "நாங்க ரெண்டு பஸ்ஸு மாறி வந்து உக்காந்திருக்கோம். என்னத்தய்யா பேசுற? ஒரு எழவும் வெளங்கல. அதோட, ஒங்க ஆளுக்கு மட்டும் வெளங்குதுல்ல? இது நாயமா?"

அப்போதுதான் சங்கரலிங்கம் அப்பய்யாவைப் பார்த்தார். அப்பய்யா கூரையைப் பார்த்தார். ஜோதிலிங்கம் மைக்கை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

"முடிஞ்ச ஆட்டத்தத் தமிழ்ல முழுசாச் சொல்லணும். இல்லன்னா கோப்பைய எடுக்க விடமாட்டோம்," என்றார் இருளப்பசாமி. அவர் பின்னால் முப்பது பேர் எழுந்து நின்றார்கள்.

சட்டென்று ஜோதிலிங்கத்துக்கு வழி தெரிந்தது. ஒரு ஆட்டம் தள்ளிச் சொன்னால் என்ன? உள்ளே மூன்றாவது ஆட்டம் நடக்கட்டும். சோலை பின்னால் நின்று சீட்டுகளைத் தாளில் குறித்துக்கொள்ளட்டும். தான் வாசலில் நின்று முடிந்துபோன இரண்டாவது ஆட்டத்தைத் தமிழில் சொல்வது. இது முடிந்ததும் அது. இனி எவன் காதில் விழுந்தாலும் என்ன? பழைய சீட்டு!

"இதத்தான்டா மொதல்லயே சொல்லியிருக்கணும்," என்று சங்கரலிங்கமே முதுகில் தட்டிக் கொடுத்தார்.

ஜோதிலிங்கம் வாசலுக்குப் போய் மைக்கைப் பிடித்தான். இனிப் பயமில்லை என்ற தெம்பில் குரல் கணீரென்று வந்தது. வர்ணனை என்றால் அப்படி ஒரு வர்ணனை. நடந்ததைவிட நன்றாகவே சொன்னான். ஒரே ஒரு வார்த்தை சொல்ல மறந்தான்: இது முன்னால் முடிந்த ஆட்டம் என்று.

"அப்பய்யா சீட்டைக் கவிழ்க்கிறார்! தட்டுகிறார்! அப்பய்யாவுக்கு வெற்றி, வெற்றி!"

நெசவுத் தெருவில் அப்பய்யாவின் மனைவி லிங்கம்மாள் விரல் விட்டு எண்ணினாள். கன்னடத்தில் ஒரு ஜெயிப்பு. தமிழில் ஒரு ஜெயிப்பு. ஆக ரெண்டு. கோப்பை நமக்குத்தான்!

அடுத்த பத்து நிமிஷத்தில் மன்றத்து வாசலில் சரவெடி வெடித்தது. முன்னால் மேளம், நடுவில் ரோஜா மாலையோடு பங்காளிகள், பின்னால் லிங்கம்மாளும் ஆரத்தித் தட்டோடு ராமலட்சுமியும். உள்ளே அத்தனை பேரும் பதறித் திரும்பினார்கள். அப்பய்யாவும் சீட்டோடு திரும்பினார். நல்லமுத்து மட்டும் கையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைத்து, விரலால் தட்டினார்.

மூன்றாவது ஆட்டம் முடிந்தது. கோப்பை திருச்சுழிக்கு.

அதே நேரத்தில் பங்காளிகள் அப்பய்யாவின் கழுத்தில் மாலையைப் போட்டார்கள்.

 வீரசோழன்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்பய்யா மாலையைக் கழற்றினார். முகம் ஜிவுஜிவு என்று சிவந்துபோயிருந்தது.

"எல்லாம் இவன் வேல! அந்தக் கல்லுளிமங்கன் ஒக்காந்திருக்கானே, அவனுக்குக் கன்னடமும் தெரியும், எல்லாம் தெரியும். இவன் கொழாயில சொல்லச் சொல்லக் கேட்டுத்தான் ஜெயிச்சிருக்கான். ரெண்டு பேரும் கூட்டு! வெள்ளிக்கெழமையும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. எம் பொண்ண ஒரு மைக்குக்காரனுக்குக் குடுக்குறதுக்கு..."

"மாமா, அம்மன் சத்தியமா அந்த அண்ணாச்சிய இன்னைக்குத்தான் பாக்குறேன்!" ஜோதிலிங்கத்துக்கு அழுகையே வந்துவிட்டது. ராமலட்சுமி ஆரத்தித் தட்டோடு முன்னால் வந்தாள். "அப்பா..." என்றவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அவள் கண்ணில் நீர் திரண்டதைப் பார்த்து முத்துத்தாய் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"மொதல்ல அந்தக் கொழாய அமத்துங்கய்யா."

"அமத்தியாச்சும்மா," என்றான் சோலை.

"வயரப் பிடுங்கு."

சோலை வயரைப் பிடுங்கினான். முத்துத்தாய் சங்கரலிங்கத்தையும் அப்பய்யாவையும் மூலைக்குக் கூட்டிக்கொண்டு போய், கையால் வாயை மறைத்துக்கொண்டு ஏதோ சொன்னாள். சங்கரலிங்கம் துண்டை வாயில் திணித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். அவர் தோள் குலுங்கியது. அப்பய்யா நல்லமுத்துவைப் பார்த்தார். தரையில் கிடந்த பஞ்சைப் பார்த்தார்.  கோபம் போய், திருட்டு மாங்காயோடு பிடிபட்டவர் மாதிரி அசடு வழிந்தது முகத்தில்.

"லிங்கம்மா, ஆரத்தி கரைச்சது வீணாப் போக வேண்டாம். அந்த அண்ணாச்சிக்கு எடு. மாலையும் அவுகளுக்குத்தான்." பிறகு ஜோதிலிங்கத்தின் பக்கம் வந்து தொண்டையைச் செருமினார். "வெள்ளிக்கெழம வெரசா வந்து சேருங்க மாப்ளே. மைக் செட்டு மட்டும் வேண்டாம்."

மாப்ளே! அதுவும் வாங்க போங்க என்று! ஜோதிலிங்கத்துக்கு நெஞ்சிலிருந்த பாரமெல்லாம் இறங்கி, சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ராமலட்சுமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். என்ன நடந்தது, எப்படி நடந்தது, அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காவிட்டால் போகிறது, பெண் கிடைத்தாயிற்று.

மாலையும் கோப்பையுமாக நின்ற நல்லமுத்துவின் கையைப் போய்ப் பிடித்துக்கொண்டான்.

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி. நான் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இல்லாம, ஒங்க மேலயும் பழி வந்துருச்சு. பஞ்சு வச்சோம், பாஷைய மாத்துனோம், எல்லாம் ஒங்க காதுல விழுந்துரக் கூடாதுன்னுதான். மனசுல வச்சுக்காதீக."

நல்லமுத்து அதே சிரித்த முகத்தோடு தலையை ஆட்டி, அவன் தோளில் தட்டிக் கொடுத்தார்.

முத்துத்தாய் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அவுககிட்ட என்னத்தப் பேசி என்ன தம்பி, கெணறு வெட்டயில வெடி வெடிச்சதுலருந்து அவுகளுக்கு ஆறு வருசமா ரெண்டு காதும் கேக்காது."